சொந்தக்காரர்கள் இல்லாத கோட்டை

ஹடப்சரில் குடியிருந்துகொண்டு ஹிஞ்சவடியில் வேலை பார்க்கிற குடும்பங்களில் மாயமந்திரக் கதைகளுக்கு எப்போதும் மரியாதை உண்டு. ஊரின் கிழக்குக் கோடியில் கட்டில், மேற்குக் கோடியில் ஆபீஸ் நாற்காலி. நடுவில் மொத்தப் புனேயும் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. இப்படிப்பட்டவரிடம் போய், பறக்கும் கம்பளம் வேண்டுமா என்று கேட்டால், "பார்க்கிங் எங்கே?" என்பார். அவருக்கு வேண்டியது ஒரு கதவு. குமிழைத் திருப்பினால் ஆபீஸ், மறுபடி திருப்பினால் வீடு.

டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' நாவலில் அந்தக் கதவு இருக்கிறது. சதுரக் குமிழ், நான்கு பக்கமும் நான்கு வண்ணப் பொட்டு. நீலம் கீழே வந்தால் கடற்கரை ஊர், சிவப்பு வந்தால் ராஜா இருக்கும் தலைநகரம், பச்சை வந்தால் கோட்டை அலைந்துகொண்டிருக்கும் மேட்டு நிலம். கறுப்புப் பக்கம் எங்கே போகிறதென்று மந்திரவாதி ஹவுல் யாரிடமும் சொல்வதில்லை. நான் இந்த நாவலைப் படிக்க எடுத்ததற்கு அந்தக் கதவு ஒரு காரணம். இன்னொரு காரணம், என் மகளின் அறைச் சுவரில் ஹவுல் வந்து குடியேறியிருந்தது.

சுவரில் இருப்பவர் சினிமா ஹவுல். ஹயாவோ மியாசாகி 2004இல் இதே நாவலை வைத்து எடுத்த ஜப்பானிய அனிமேஷன் படத்தின் நாயகன். 2020 ஏப்ரலில், உலகமே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, படம் நெட்ஃபிளிக்ஸில் வந்து இறங்கியது. அன்றிலிருந்து என் மகளுக்கு உலகத்து ஆண்கள் இரண்டே வகை: ஹவுல் ஒருவன், மற்றவர்கள் எல்லாம் கூட்டம். நீளமான பொன்னிறக் கூந்தல், காதில் தோடு, தோளில் வழியும் கோட்டு. தெருவில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தியைச் சிப்பாய்கள் வம்பிழுத்தால், அவள் கையைப் பிடித்துக் கூரைகளுக்கு மேலே காற்றில் நடத்திக் கூட்டிப் போவான். பின்னணியில் ஜோ ஹிசாய்ஷியின் இசை. பதினைந்து வயதில் இதைப் பார்த்தால் நானும் சுவரில் ஒட்டியிருப்பேன்.

நாவலின் ஹவுல் வேறு ஆள். பார்க்க அழகன்தான், ஆனால் அந்த அழகு தயாராவதற்குக் குளியலறைக்குள் மணிக்கணக்கில் ஆகிறது. டேங்கர் வந்தால்தான் தண்ணீர் என்று இருக்கிற அடுக்ககத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பவளுக்கு அவன் வில்லனாகத்தான் தெரிவான். பில் கட்டுவதில்லை, கணக்குக் கேட்டால் நழுவுவான். ஒரு பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலித்து, அவள் சரி என்று சொன்ன நிமிடம் ஆர்வம் போய்விடும். சளி பிடித்தால் சாகக் கிடப்பவன் மாதிரி முனகி, வீட்டிலுள்ள அத்தனை பேரையும் கட்டிலைச் சுற்றி நிறுத்துவான். முடியின் நிறம் மாறிப்போனதற்காகப் பச்சைக் கூழாக உருகி வழிந்து வீட்டையே நாறடிப்பான். கூழ்க் காட்சி படத்திலும் உண்டு. ஆனால் படத்தில் அது சோகம். என் மகள் கண்ணீர் விடுகிறாள். புத்தகத்தில் அது துடைக்க வேண்டிய வேலை.

கதைச் சுருக்கம் தெரியாதவர்களுக்கு: சோஃபி என்ற பெண் தொப்பிக் கடையில் வேலை செய்கிறாள். பாழ்நிலத்துச் சூனியக்காரி ஒருத்தி கோபத்தில் அவளைத் தொண்ணூறு வயதுக் கிழவியாக்கிவிடுகிறாள். சோஃபி வீட்டைவிட்டுக் கிளம்பி, ஹவுலின் நடமாடும் கோட்டைக்குள் நுழைந்து, அடுப்பில் எரியும் கால்சிஃபர் என்ற நெருப்புப் பூதத்தோடு ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, கூட்டிப் பெருக்கத் தொடங்குகிறாள். இதுவரை புத்தகமும் படமும் ஏறக்குறைய ஒரே பாதை. அதற்குப் பிறகு மியாசாகி கத்தரியை எடுக்கிறார். அவர் வெட்டியதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்தேன். அத்தனையும் சொந்தக்காரர்கள்.

சோஃபிக்கு நாவலில் இரண்டு தங்கைகள், லெட்டியும் மார்த்தாவும். மூன்று பிள்ளைகளில் மூத்ததாகப் பிறந்தால் உருப்படவே முடியாது என்பது அந்த நாட்டின் நம்பிக்கை. நாவல் தொடங்குவதே அதில்தான். நானும் மூன்று பெண்களில் மூத்தவள். முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவைத்து, என் தங்கைகள் இரண்டு பேருக்கும் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நடுவிலவள் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினாள். கடைக்குட்டி, "சாயங்காலம் பேசுறேன்க்கா" என்றாள். இன்னும் அந்தச் சாயங்காலம் வரவில்லை. கடைக்குட்டிகளின் சாயங்காலம் அப்படித்தான்.

சோஃபியின் அப்பா கடன் வைத்துவிட்டு இறந்துபோகிறார். சின்னம்மா ஃபேனி மூன்று பெண்களுக்கும் வழி செய்கிறாள்: லெட்டி பேக்கரிக்கு, மார்த்தா மந்திரம் கற்றுக்கொள்ள, மூத்தவள் கடையிலேயே சம்பளமில்லாமல். தங்கைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? படிக்க ஆசைப்பட்ட லெட்டியும், கல்யாணம் செய்து பத்துப் பிள்ளை பெறும் திட்டத்தோடு இருக்கும் மார்த்தாவும், மந்திரத்தால் முகத்தை மாற்றிக்கொண்டு இடம் மாறிவிடுகிறார்கள். மூத்தவளிடம் அப்புறம்தான் சொல்கிறார்கள். ஹவுலின் சீடன் மைக்கேல் ஒரு லெட்டியைக் காதலிக்கிறான், அவள் மார்த்தா. ஹவுல் சுற்றுவதும் ஒரு லெட்டியைத்தான், அவள் நிஜ லெட்டி. கிழவி வேஷத்தில் சிக்கிக் கிடக்கிற அக்காக்காரி, இந்த உதவாக்கரையிடமிருந்து தங்கச்சியைக் காப்பாற்ற வேண்டுமே என்று முழங்கால் வலியோடு ஓடித் திரிகிறாள். வம்சாவளி வரைந்து வைத்துக்கொண்டுதான் படிக்க முடியும். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை படித்துப் பழகியவர்களுக்குச் சிரமம் இருக்காது.

படத்தில் மார்த்தா கிடையாது. லெட்டி பேக்கரியில் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாள். பதினைந்து வயது மைக்கேல், ஒட்டுத்தாடி வைத்த பொடியனாகிவிட்டான்.

அதைவிடப் பெரிய வெட்டு, கறுப்புக் கதவு. நாவலில் அதைத் திறந்தால் நம் உலகம், வேல்ஸ். ஊரையே நடுங்கவைக்கும் ஹவுல், பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று பேரெடுத்த ஹவுல், உண்மையில் ஹவெல் ஜென்கின்ஸ் என்ற வேல்ஸ்காரப் பையன். கறுப்புக் கதவு வழியாக அவன் போவது அக்கா வீட்டுக்கு. ரக்பி என்று முதுகில் எழுதிய தொளதொளச் சட்டையோடு போய் நிற்கிறான். அக்கா மேகன் வாசலிலேயே பிடித்துக்கொள்கிறாள்: இவ்வளவு படித்தும் வேலை வெட்டி இல்லை, ஆளைக் காணோம், வந்தால் ஏதாவது காரியமாகத்தான். அக்கா மகன் கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. மந்திரவாதி வாய் திறக்காமல் நிற்கிறான். கூட வந்த சோஃபிக்கு அவன்மேல் முதன்முதலாக இரக்கம் வருகிறது.

பிழைக்கப் போன ஊரில் ஒரு பெயர், சொந்த ஊரில் ஒரு பெயர் என்று வாழ்பவர்களுக்கு இந்த அத்தியாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஹவுலுக்குக் கடற்கரை ஊரில் ஜென்கின் என்று பெயர், தலைநகரத்தில் பென்டிராகன். என் வீட்டுக்காரரும் ஆபீசில் இரண்டு ஆங்கில எழுத்து. எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனுக்கு "அண்ணா". மும்பை–நாகர்கோவில் ரயிலில் ஏறிப் போய்க் கோவில்பட்டியில் இறங்கினால், "ஏலே குட்டி, முடி கொட்டிப்போச்சே!" அவ்வளவுதான். ஆபீசில் முப்பது பேரை மேய்ப்பவர், பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நடப்பார்.

மியாசாகி வேல்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு யுத்தத்தை வைத்தார். படத்தில் கறுப்புக் கதவைத் திறந்தால் எரியும் ஊர்கள், குண்டு போடும் கப்பல்கள், நடுவில் பறவையாக மாறிப் பறக்கும் ஹவுல். எங்கள் வீட்டுக் கல்யாணங்களைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய மாற்றமாகத் தெரியாது. ஆனாலும் அவர் ஏன் இப்படிச் செய்தார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மியாசாகி பிறந்தது 1941இல். குடும்பத் தொழிற்சாலையில் போர் விமானங்களுக்கு உதிரி பாகம் செய்தார்கள். 1945இல் அவர்கள் இருந்த உட்சுனோமியா நகரத்தின்மேல் குண்டு விழுந்தபோது, தப்பி ஓடிய குடும்பத்தில் நான்கு வயதுப் பையன் அவர். இந்தப் படம் தயாராகிக்கொண்டிருந்த 2003இல் ஈராக் போர் தொடங்கியது. அவருடைய முந்தைய படமான 'ஸ்பிரிட்டட் அவே'க்கு அந்த ஆண்டு ஆஸ்கர் கிடைத்தது, வாங்கப் போகவில்லை. குண்டு போட்டுக்கொண்டிருக்கும் நாட்டுக்குப் போக மனம் வரவில்லை என்று பிறகு சொன்னார்.

ஜோன்ஸ் பிறந்தது 1934இல். அவரும் யுத்தத்துக் குழந்தைதான். போர் மூண்டதும், ஐந்து வயதில், லண்டனிலிருந்து தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பிவைக்கப்பட்டார். அந்த வீடு இருந்தது வேல்ஸில். குண்டுக்குப் பயந்து ஓடிய குழந்தை போய்ச் சேர்ந்த சொந்தக்காரர் வீடு, கறுப்புக் கதவுக்கு அப்பால் வருவதில் என்ன ஆச்சரியம்? ஒருவர் யுத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் யுத்தம் தன்னைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்த்த வீட்டை.

இன்னொன்றும் உண்டு. ஜோன்ஸும் மூன்று பெண்களில் மூத்தவர். பெற்றோர் பெரிய படிப்பாளிகள், ஆனால் பிள்ளைகளைக் கவனிக்க நேரமில்லாதவர்கள். அப்பா கைப்பிடித்தம் என்றால் அப்படி ஒரு கைப்பிடித்தம்: ஒரு கதைப் புத்தக வரிசையை மொத்தமாக வாங்கிப் பூட்டிவைத்து, வருடத்துக்கு ஒன்றாக, கிறிஸ்துமஸுக்கு மூன்று பெண்களுக்கும் சேர்த்து எடுத்துக் கொடுத்தாராம். தங்கைகளுக்குக் கதை வேண்டும் என்பதற்காக மூத்தவள் தானே எழுத ஆரம்பித்தாள். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீனின் வகுப்பில் உட்கார்ந்தவர், ஹவுலின் அக்கா வீட்டு வாசலில் டோல்கீன் கதையில் வரும் ஊரின் பெயரை எழுதிவைத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். 2011இல் அவர் இறந்தபோது ஒரு நாவல் பாதியில் நின்றது. அதை எழுதி முடித்தவர் கடைக்குட்டித் தங்கை அர்சுலா ஜோன்ஸ், 2014இல் வெளிவந்தது. இந்தத் தகவலையும் என் கடைக்குட்டிக்கு அனுப்பினேன். "நீ முதல்ல பாதியாவது எழுதுக்கா" என்று உடனே பதில் வந்தது.

இத்தனையும் சொல்லி நான் புத்தகத்தின் பக்கம், மகள் படத்தின் பக்கம் என்று வீடு இரண்டுபட்டிருந்த சமயத்தில், கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாயோடு வீட்டுக்காரரின் அம்மா, என் அத்தை, வந்து இறங்கினார். பேத்தி சோஃபாவில் பக்கத்தில் உட்கார்த்திப் படத்தைப் போட்டாள். ஜப்பானியப் பேச்சு, ஆங்கில எழுத்து, இரண்டும் அத்தைக்குத் தெரியாது. என் மகள் தனக்குத் தெரிந்த புனேத் தமிழில் மொழிபெயர்த்தாள். கொஞ்ச நேரத்தில் அத்தை அவளை அடக்கிவிட்டார். "நீ சும்மா இரு தாயி. எனக்கு வெளங்குது."

சோஃபி கண்ணாடியில் தன் சுருக்கங்களைப் பார்த்ததும் அத்தை தலையாட்டினார். "நம்ம அவ்வையார் பிள்ளையாருகிட்ட கேட்டு வாங்கிக்கிட்டா. இவளுக்குக் கேக்காமலே கெடச்சிருக்கு." 1953இல் ஜெமினி எடுத்த 'அவ்வையார்' அத்தையின் கோயில். கல்யாணத்திலிருந்து தப்பிக்க முதுமையை வரமாக வாங்கிய பெண்ணையும், கே.பி. சுந்தராம்பாளின் குரலையும் அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த ஒரு வாக்கியத்தில், நான் பாதிப் புத்தகம் படித்துக் கண்டுபிடித்ததை அத்தை பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார். குமரியாக இருந்தவரை கடையின் மூலையில் தொப்பிகளோடு பேசிக்கொண்டிருந்த சோஃபி, கிழவியானதும் மந்திரவாதியை அதட்டுகிறாள், ராஜாவிடம் போய் வாதாடுகிறாள். நாவலில் ஹவுல் ரகசியமாக அந்தச் சாபத்தை எடுத்துவிடப் பார்க்கிறான்; முடியவில்லை. இவளுக்கே அது பிடித்திருக்கிறது போல என்று விட்டுவிடுகிறான். சோஃபியின் வாய்க்கு மந்திர சக்தி உண்டு. சொன்னால் கைத்தடிக்குக்கூட உயிர் வரும் என்பது அவளுக்கே தெரியாது. படத்தில் இந்த வாயைக் காணோம். அத்தைக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. அந்த இடத்தை அவரே நிரப்பிக்கொண்டிருந்தார்.

அரண்மனைப் படிக்கட்டில் சோஃபியும் சூனியக்காரியும் மூச்சு வாங்க வாங்க ஏறும் காட்சியில், "ஏன், லிஃப்ட் வேலை செய்யலியா?" என்றார். எங்கள் கட்டடத்து லிஃப்டின் குணம் தெரிந்தவர். காற்றில் நடந்த ஹவுலைப் பற்றி, "இந்தப் பய என்னைக்காவது வேலைக்குப் போயிருக்கானா?" என்று மட்டும் கேட்டார். பேத்தி முகம் தொங்கிப்போயிற்று.

ஆனால் ஓரிடத்தில் அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். நாவலில் சூனியக்காரி கெட்டவள். கடைசியில் ஹவுல் கையால் அழிகிறாள். படத்தில் அவளுடைய சக்தியெல்லாம் பிடுங்கப்பட்டு, எச்சில் வழியும் ஒரு கிழவியாக வந்து நிற்கிறாள். சோஃபி அவளைக் கூட்டிவந்து, நாற்காலி போட்டு, வாயில் ஊட்டி, வாயைத் துடைத்துவிடுகிறாள். தன்னைக் கிழவியாக்கினவளை! "எதிரியா இருந்தா என்ன, ஒரு வாய்க் கஞ்சி ஊத்துதா பாரு," என்று சொல்லி அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் முடியும்போது அந்தக் கோட்டைக்குள் ஒரு முன்னாள் சூனியக்காரி, வேவு பார்க்க வந்து அங்கேயே தங்கிவிட்ட கிழட்டு நாய், யாரோ பெற்ற பொடியன், நெருப்புப் பூதம் எல்லாரும் சேர்ந்து இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் ரத்த சம்பந்தம் இல்லை. ரேஷன் கார்டில் ஏற்ற முடியாத குடும்பம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மியாசாகி சொந்தக்காரர்களை வெட்டினது உண்மை. ஆனால் கதையைக் காலியாக விட்டுவிடவில்லை. பிறப்பால் வந்தவர்களை எடுத்துவிட்டு, வழியில் சேர்ந்தவர்களை உட்காரவைத்திருக்கிறார். ஹடப்சரில் வாழ்கிறவர்களுக்கு இது இன்னொரு உண்மை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் வீட்டில் சமைத்தது எதிர்வீட்டு ஒடியாக்காரி. என் மகள் மராட்டி கற்றுக்கொண்டது மாடிவீட்டுப் பாட்டியிடம், அதாவது ஆஜியிடம். கோவில்பட்டிக்கு ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டும். ஆஜி வீட்டுக்கு லிஃப்ட் வேலை செய்யாவிட்டாலும் போய்விடலாம்.

ஆனால் ரத்த சம்பந்தத்தை ஹடப்சரில் மட்டமாகப் பேசவும் முடியாது. நாங்கள் மூச்சுவிடுகிற மகர்பட்டா சிட்டியே சொந்தக்காரர்கள் கட்டியதுதான். பெரும்பாலும் மகர் என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்ட சுமார் 120 விவசாயக் குடும்பங்கள், 400 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை வந்தவனிடம் விற்காமல் ஒன்றாகச் சேர்த்து, நிலத்துக்குத் தக்க பங்கு எடுத்துக்கொண்டு, கரும்பு விளைந்த மண்ணில் ஒரு நகரத்தை எழுப்பினார்கள். பங்காளிகள் 120 பேர் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை நான் அத்தையிடம் சொன்னபோது, அவர் நம்பவில்லை. ஹவுலின் கோட்டை கால் முளைத்து நடந்ததை அவர் நம்பினார். அதற்கு மேலும் நம்பச் சொல்வது அநியாயம் என்று நானும் விட்டுவிட்டேன்.

சேர்வதும் பிரிவதும் ஹடப்சருக்குப் புதிதல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஆஷாட ஏகாதசிக்கு முன்னால், ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராம் பல்லக்கும் பண்டரிபுரத்துக்குக் கிளம்பி, புனேவில் ஒன்றாகத் தங்கி, ஹடப்சர் வரை வருகின்றன. இங்கேதான் பிரிகின்றன. ஒன்று திவே மலையேறிச் சாஸ்வட் வழியாக, மற்றது லோணி காள்போர் வழியாகச் சோலாப்பூர் சாலையில். ஹடப்சரில் நின்று பார்க்கும் புதியவருக்கு, இரண்டு பேரும் ஏதோ மனஸ்தாபத்தில் பிரிந்துபோகிறார்கள் என்றுதான் தோன்றும். பண்டரிபுரத்தில் விட்டலன் இரண்டு பேரையும்தான் எதிர்பார்த்து நிற்கிறான். நாவலையும் படத்தையும் எது பெரிது என்று தராசில் வைப்பதை அந்தப் பல்லக்குகளை நினைத்து நிறுத்திக்கொண்டேன். ஜோன்ஸேகூட மியாசாகியிடம் மனஸ்தாபப்படவில்லை. படம் பிடித்திருக்கிறது என்று சொன்னார். அவருக்குத் தெரியாதா, ஒரு குடும்பத்துக் கதையை இரண்டு பேர் சொன்னால் இரண்டு கதையாகத்தான் வரும் என்று? மூன்று பெண்கள் உள்ள வீட்டில் பிறந்தவர்.

சமாதானத்துக்கு அடையாளமாக நான் படத்தை இரண்டாம் தடவை பார்ப்பது, மகள் நாவலைப் படிப்பது என்று உடன்படிக்கை ஆயிற்று. விடுமுறை நாட்களில் அவள் படித்தாள். தங்கைகள் இடம் மாறும் இடத்தில் சிரித்தாள். சளிக் காட்சியில் சத்தமே இல்லை. வேல்ஸ் அத்தியாயத்தை முடித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்து, சுவரில் இருப்பவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் குளியலறைப் பக்கம் பார்த்தாள். உள்ளே அவள் அப்பா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு முனகலாகப் பாடிக்கொண்டிருந்தார். டேங்கர் வர இன்னும் நேரம் இருந்தது.

"அம்மா, இப்ப புரியுது," என்றாள். "படத்துல வர்றது ஹவுல். புத்தகத்துல வர்றது அப்பா."

இரண்டு பேரும் ஒரே ஆள்தான், நடுவில் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது, அவ்வளவே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "எம் பிள்ளைய ஒண்ணும் சொல்லாத. அவன் சின்ன வயசுலயே அப்படித்தான். வீட்டுக்குக் கடைக்குட்டில்லா!"